குதிரைகள் வந்தன, மோட்டார் வரவில்லை

பதினாறு மரக்குதிரைகள் லாரியின் பின்கதவு வழியாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அந்த லாரி யார்டில் அப்போது சிரித்த முகம் அவற்றுக்கு மட்டும்தான்.

"தலைவரே, பதினாறு சாட்சி இருக்கு," என்றாள் பட்டாசு. "எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டுதான் நிக்குது. ஒண்ணும் பேசத்தான் மாட்டேங்குது."

"மனுஷ சாட்சியும் அப்படித்தான்," என்றார் ஒட்டடை.

ஒட்டடை என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டு, சதை போட மறந்துபோன துப்பறிவாளர் அவர். பட்டாசு அவருடைய உதவியாளர். உயரத்தில் அவருடைய தோளைக்கூட எட்டமாட்டாள். பேச்சு மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளிடம் இருந்தது.

அவர்களைக் கையோடு அழைத்து வந்தவள் லாரியின் சொந்தக்காரி. யார்டில் அவளை எல்லோரும் லாரியக்கா என்றார்கள். அவளிடம் இருந்தது ஒரே லாரி. அவளும் தம்பியும் அதை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒருவர் ஸ்டியரிங்கில் இருந்தால் இன்னொருவர் பின்னால் பலகையில் தூங்குவார். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது லோடு ஏற்றும்போதும் இறக்கும்போதும் மட்டும்தான். அதனாலேயே அந்தக் கூட்டு இத்தனை காலம் உடையாமல் இருந்தது.

"நடந்ததைச் சொல்லுங்க," என்றார் ஒட்டடை.

"ஆட்டோவிலேயே சொன்னேனே சார்."

"அப்ப அழுதுக்கிட்டே சொன்னீங்க. இப்ப கோபமா சொல்லுங்க. கோபம் வந்தா விவரம் விட்டுப்போகாது."

லாரியக்கா மூக்கை உறிஞ்சி முடித்துவிட்டு, கேட்டபடியே கோபமாகச் சொன்னாள்.

துறைமுக ஊரிலிருந்து ஒரு பெரிய ராட்டினத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த ஊரில் புதிதாகத் திறக்கப்போகும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு. கூரைத் தகடுகள் முன்னால், குதிரைகள் பின்னால், மோட்டார் பெட்டி நடுவில். பெட்டி கனம். நடுவில் வைத்தால்தான் வண்டி ஆடாது. அதன்மேல் இரண்டு தார்ப்பாய்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. காலையில் யார்டுக்கு வந்து சேர்ந்ததும் அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் போய்ப் படுத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து, பூங்கா முதலாளி வந்த பிறகுதான் பின்கதவைத் திறந்தது. குதிரைகளின் கால்களுக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்தால், பெட்டி இருந்த இடத்தில் வெறும் பலகை. முதலாளி அங்கேயே நின்று தம்பியைத் திருடன் என்று கத்தியிருக்கிறார்.

"கயிறு?"

"கட்டினது கட்டினபடி இருந்தது. அதை வெச்சுத்தான் ஏஜென்ட் பேசறார். யார்டுல யாரும் கை வைக்கல, வழியிலேயே தம்பி வித்துட்டான்னு. சாயங்காலம் அவனைப் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாராம். மத்த ராட்டினமெல்லாம் இன்னும் துறைமுக ஊர்லதான் இருக்கு. இந்த லோடு ஒழுங்கா வந்தா அது எல்லாமே எங்க வண்டிக்குன்னு பூங்கா முதலாளி சொல்லியிருந்தார். இப்ப அதுவும் போச்சு. லோடு போனா வேற லோடு வரும் சார். திருடன் வண்டின்னு பேர் வந்தா ஒரு கிட்டங்கியும் எங்களுக்குக் கேட்டைத் திறக்காது."

"அப்புறம் தார்ப்பாயை யாராவது தொட்டாங்களா?"

"இல்லை. போலீஸ் வர்ற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு ஏஜென்ட் சொல்லிட்டார்."

"நல்ல உத்தரவு," என்றார் ஒட்டடை. "அவருக்கு நன்றி சொல்லணும்."

நன்றி வாங்கிக்கொள்ளவே வந்ததுபோல ஏஜென்ட் வந்து நின்றார். லோடு பிடித்து லாரிகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர். சலவைச் சட்டை, அதற்குள் அடங்க மறுத்த வயிறு. காதில் போன்.

"அஞ்சு மணிக்கு வந்துடு. காலியா வா, தெரியுதா?" என்று போனை முடித்துவிட்டு ஒட்டடையை அண்ணாந்து பார்த்தார். "துப்பறியறவரா? இதுல துப்பறிய என்ன இருக்கு? நானும் ஸ்டியரிங் பிடிச்சவன்தான். கேன்வாஸ் தார்ப்பாய் காலத்து டிரைவர். நாங்க ஓட்டினப்போ ஒரு ஆணி காணாமப் போனதில்லை. இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஓட்டவும் தெரியல, கட்டவும் தெரியல. விக்க மட்டும் தெரியுது."

"என் தம்பியைப் பத்தி..." என்று லாரியக்கா முன்னால் வந்தாள்.

"உனக்காகத்தாம்மா நானும் பார்க்கறேன். என் ஆளுங்க வழியெல்லாம் தேடிட்டிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள பெட்டி கிடைச்சாலும் கிடைக்கும்."

அவருக்குப் பின்னால் பூங்கா முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். உருண்டையான மனிதர். வியர்வை அவருக்கு ஒரு முழுநேர வேலை. "நாளன்னிக்குத் திறப்பு விழா! குதிரை மேல குழந்தைங்க ஏறி உட்கார்ந்துடும். சுத்த விடறது யாரு? நான் பின்னால நின்னு தள்ளறதா?"

"உங்களைப் பார்த்தா தள்ளிடுவீங்கன்னுதான் தோணுது சார்," என்றாள் பட்டாசு.

அவர் அவளை முறைத்தார். ஒட்டடை அதற்குள் ஏஜென்டின் அலுவலகப் பக்கம் நடந்துவிட்டிருந்தார்.

*

குற்றம் சாட்டப்பட்டவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"போலீஸ் வரப்போகுதுன்னு தெரிஞ்சும் இப்படித் தூங்கறானே," என்றாள் பட்டாசு. "நிரபராதியா இருப்பான் தலைவரே."

"ராத்திரி பூரா ஓட்டினவன் தூக்குமேடையிலயும் தூங்குவான். அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

இரவெல்லாம் விழித்தவனுக்குப் பகல் என்பது மற்றவர்கள் போடும் சத்தம். லாரியக்கா தலையில் தட்டியபோது தம்பி கண்ணைத் திறந்து, "வந்துட்டோமா?" என்றான். பிறகு எங்கே இருக்கிறோம் என்று நினைவுக்கு வந்து முகம் சுருங்கியது.

"வழியில எங்கெல்லாம் நின்னே?" என்றார் ஒட்டடை.

"செக்போஸ்ட்ல. டீசல் போட. அவ்வளவுதான்."

"பொய்," என்றாள் அக்கா. "விடிஞ்ச கையோட நான் முழிச்சுப் பார்த்தேன். வண்டி ரொம்ப நேரமா நின்னுட்டிருந்தது. எஞ்சின் ஆறிப்போயிருந்தது."

"அது... டயர்ல காத்து பார்த்தேங்க்கா."

"எழுந்து திரும்பு," என்றார் ஒட்டடை.

தம்பி தயங்கித் தயங்கித் திரும்பினான். அவனுடைய பேன்ட்டில், உட்காரும் இடம் முழுக்கத் தங்க நிறத் துகள்கள் ஒட்டியிருந்தன.

பட்டாசு விசில் அடித்தாள். "தங்க டயரா இருக்கும் தலைவரே."

"புதுசா பெயின்ட் அடிச்ச சேணம்," என்றார் ஒட்டடை. "குதிரை மேல ஏறியிருக்கே. எதுக்கு?"

தம்பி அக்காவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் போனை எடுத்து நீட்டினான். "போட்டோ எடுக்க."

படத்தைப் பார்த்ததும் பட்டாசுக்கு அடக்க முடியவில்லை. பின்பக்கத் தார்ப்பாயைக் கொஞ்சம் சுருட்டிவிட்டு, லாரியின் கடைசிக் குதிரைமேல் தம்பி உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் கடிவாளம். இன்னொரு கையில் வாள் மாதிரி ஜாக்கிக் கம்பி. முகத்தில் ஒரு நாட்டைப் பிடித்துவிட்ட கம்பீரம்.

"இதை எடுத்தது யாரு?"

"டீக்கடைக்காரர். ரோடு பள்ளத்துல, கடை மேட்டுல. அங்கே நின்னு பார்த்தா லாரி மேல்பாகம் நல்லாத் தெரியும். உடனே இறங்கி, சுருட்டினதைத் திரும்பக் கட்டிட்டேன். பெட்டிப் பக்கமே நான் போகல சார், சத்தியமா. லோடு மேல ஏறினது தெரிஞ்சா அக்கா கொன்னுடும்னுதான்..."

"கொல்லத்தான் போறேன்!" லாரியக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் கையில் பாதி பலம்தான் இருந்தது. தம்பி ஒளித்தது இதுதானா என்ற நிம்மதி மீதிப் பலத்தை எடுத்துக்கொண்டது. "அறிவு இருக்காடா உனக்கு? வயசு என்ன ஆகுது? குதிரை கேக்குதா?"

"அடிங்க, ஆனா போட்டோவை அழிச்சுடாதீங்க," என்றாள் பட்டாசு. "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கும்போது உதவும்."

ஒட்டடை சிரிக்கவில்லை. அவர் குதிரைமேல் இருந்த ராஜாவையும் பார்க்கவில்லை, குதிரையையும் பார்க்கவில்லை. படத்தில் தம்பிக்குப் பின்னால் தெரிந்த தார்ப்பாயைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ரெண்டு தார்ப்பாயும் நடுவுல சேர்ற இடத்துல எதை மேல போடுவீங்க?"

"முன்னால இருக்கறதைத்தான். பின்னால இருக்கறது அடியில போகணும். இல்லேன்னா ஓடும்போது காத்து அந்த வாய் வழியா உள்ளே பூந்து, தார்ப்பாய் பலூன் மாதிரி உப்பிடும். அரை மணி நேரத்துல கிழிஞ்சு தொங்கும். இது லாரியில கிளீனரா வந்த முதல் நாளே சொல்லித் தர்றது."

"படத்துல அப்படித்தான் இருக்கு," என்றார் ஒட்டடை. "வாங்க, நேர்ல எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

*

கீழே நின்று பார்த்தால் லாரியில் கயிறும் பக்கப் பலகையும்தான் தெரிந்தன. ஒட்டடை கேபின் கூரைமேல் ஏறி நின்றார். பட்டாசு முன்பக்க மூலையில் இருந்த கயிற்றைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ மேலே வந்து சேர்ந்தாள். அவள் பிடித்த பிடியில் அந்த மூலையின் கயிறு தளர்ந்து, தார்ப்பாயின் மடிப்பு பிரிந்து தொங்கியது.

"ஐயையோ, அவுந்துடுச்சு."

"நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டும். இப்ப நடுவுல பாரு."

பட்டாசு பார்த்தாள். தார்ப்பாய்கள் சேரும் இடத்தில் பின்னால் இருந்தது மேலே கிடந்தது. முன்னால் இருந்தது அடியில் போயிருந்தது. லாரியின் முகத்தைப் பார்த்து அந்த இணைப்பு வாயைத் திறந்து வைத்திருந்தது. எங்கும் ஒரு கிழிசல் இல்லை, ஒரு சுருக்கம்கூட இல்லை.

"தலைகீழா இருக்கே!"

"இருக்கு. இந்தக் கட்டோட இந்த வண்டி அடுத்த தெருவுக்குக்கூட ஓடல. வண்டி நின்னதுக்கு அப்புறம் யாரோ பிரிச்சு, கிரேன்ல பெட்டியைத் தூக்கிட்டு, திரும்பக் கட்டியிருக்காங்க. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல, இதே யார்டுல."

"அப்ப லாரி பத்தித் தெரியாதவன் வேலை."

"கயிறைப் பாரு. எவ்வளவு நேர்த்தி. தார்ப்பாய் கட்டறதையே தொழிலா வெச்சிருக்கறவன் கட்டினது. ஆனா தப்பாக் கட்டியிருக்கான். ஏன்?"

பட்டாசு யோசித்தாள். யோசிக்கும்போது மட்டும் அவள் வாய் மூடியிருக்கும். அது அதிக நேரம் நீடிப்பதில்லை. "தெரியல. சொல்லிடுங்க, கால் வலிக்குது."

"முகத்துல காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?"

யார்டின் பின்சுவருக்கு அப்பால் வெட்டவெளி. அங்கிருந்து காற்று தடையில்லாமல் வந்து லாரியின் பின்பக்கத்தில் மோதியது. லாரி கேட்டைப் பார்த்து நின்றது. ஒட்டடை கையை நீட்டி யார்டு முழுவதையும் காட்டினார். மூட்டைகளும் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வரிசை வரிசையாக அட்டி போடப்பட்டு, தார்ப்பாய் மூடிக் கிடந்தன. ஒவ்வொரு அட்டியிலும் பின்சுவர் பக்கத்துத் தார்ப்பாய் மேலே, கேட் பக்கத்துத் தார்ப்பாய் அடியில்.

பட்டாசின் புருவம் ஏறியது. "லாரியில இருக்கற மாதிரியே!"

"லாரிக்காரனுக்குச் சரக்கு ஓடும். அவனுக்குக் காத்து எப்பவும் முன்னாலேருந்துதான். அட்டி போடறவனுக்குச் சரக்கு நிக்கும். அவனுக்குக் காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அவன் கை பழகினபடி கட்டிட்டுப் போயிருக்கு. அவனைப் பொறுத்தவரைக்கும் அது தப்பே இல்லை."

"அப்ப இங்கே அட்டி போடற மேஸ்திரி! பிடிச்சாச்சு. இறங்கலாமா?"

ஒட்டடை இறங்கவில்லை. பின்சுவர் மூலையில் இருந்த ஒரு அட்டியைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு அவர் உதட்டோரம் லேசாக வளைந்தது. அவரைப் பொறுத்தவரை அது வெடிச்சிரிப்பு.

"பட்டாசு, அந்த ஏஜென்ட்கிட்ட போய், எங்களுக்குக் கட்டத் தெரியல, வந்து உதவி பண்ணுங்கன்னு கேளு. கொஞ்சம் ஐஸ் வை."

"எவ்வளவு வைக்கட்டும்?"

"சட்டை நனையற அளவுக்கு."

*

பட்டாசு போய்ச் சொல்லவேண்டியதைச் சொன்னாள். மூலை அவிழ்ந்துவிட்டதாம், மழை வந்தால் கூரைத் தகடு நனையுமாம், அந்தக் காலத்து டிரைவர் ஒருவர் இருக்கும்போது கண்ட ஆளிடம் கேட்பானேன் என்று. ஏஜென்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். வயிறும் நிமிர்ந்தது.

"தள்ளுங்க. மூக்கு மடிக்கறதுன்னா என்னன்னு பார்த்துக்கங்க."

தார்ப்பாயின் முன்மூலையில் காற்று புகாதபடி மடித்து மூடுவதற்குப் பெயர் மூக்கு. லாரியக்கா மடித்திருந்த மூக்கு இன்னொரு மூலையில் அப்படியே இருந்தது. ஒரே மடிப்பு, அதன்மேல் கயிறு. ஏஜென்ட் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, இந்தப் பக்கத்து மூலையை மூன்றாக மடித்தார். பீடா மடிக்கிற கச்சிதம். நுனியை உள்ளே சொருகி, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

"இது கேன்வாஸுக்குப் போடற மடிப்பு," என்றாள் லாரியக்கா. "இப்ப வர்ற பிளாஸ்டிக்ல நிக்காது. வழுக்கிடும். எங்க காலத்துல யாரும் இப்படி மடிக்கறதே இல்லை."

"அதான் உங்க காலம் இப்படி இருக்கு. நிக்குதா இல்லையா பாரு! சொருகற விதத்துல சொருகணும்."

"அழகு," என்றார் ஒட்டடை. "இந்த ஊர்ல இப்படி மடிக்கத் தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களா?"

"இந்த ஊர்லயா? இந்தப் பக்கத்துலயே கிடையாது. நான் ஒருத்தன்தான்."

"பத்து பேர் முன்னால சொல்லவேண்டிய விஷயம் சார் இது," என்றாள் பட்டாசு.

"சொல்வோமே, எனக்கென்ன பயம்?"

"வாங்க, அட்டிப் பக்கம் போய்ப் பேசலாம்," என்றார் ஒட்டடை. "முதலாளியும் வரட்டும். தம்பியையும் கூட்டிட்டு வாங்க."

அட்டி மேஸ்திரி நிழலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் வரிசையாக வருவதைப் பார்த்ததும் கயிறு கையிலிருந்து நழுவியது. ஒட்டடை அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் அவர் காதுக்கு மேலே போயிற்று.

"மேஸ்திரி, எல்லா அட்டியிலும் பின்சுவர் பக்கத்துத் தார்ப்பாய் மேல இருக்கு. ஏன்?"

"காத்து அங்கேருந்துதானே சார் வருது."

"லாரியிலும் அப்படியே போட்டுட்டீங்களே. லாரிக்காரங்க முன்னாலதை மேல போடுவாங்களாம்."

மேஸ்திரி கீழே விழுந்த கயிற்றை எடுத்து, திரித்ததையே மறுபடி திரித்தார். அவர் நல்லவர், பயந்தவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்போது பயம்தான் முதலில் வேலைக்கு வரும்.

ஏஜென்ட் துள்ளிக் குதித்தார். "நீயாடா? என் யார்டுலயே இருந்துக்கிட்டு என் பேரைக் கெடுத்துட்டியேடா! எனக்கு அப்பவே சந்தேகம். முதலாளி, இவனை என்கிட்ட விடுங்க. உள்ளே கூட்டிட்டுப் போய் நான் விசாரிச்சுக்கறேன். இந்தம்மா தம்பியும் இவனும் கூட்டு!"

"கொஞ்சம் இருங்க," என்றார் ஒட்டடை. "மேஸ்திரி, அட்டிக்கு மூக்கு மடிப்பீங்களா?"

"மூக்கா? அட்டிக்கா?" அந்தப் பயத்திலும் மேஸ்திரிக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது. "சும்மா தொங்கவிட்டு மேல பழைய டயரைத் தூக்கி வெச்சுடுவோம் சார். நிக்கற சரக்குக்கு மூக்கு எதுக்கு?"

"அதைத்தான் நானும் மேலே நின்னு யோசிச்சேன்," என்று ஒட்டடை எழுந்தார். "மூலையில ஒரு அட்டிக்கு மூக்கு இருக்கு. எங்கேயோ பயணம் போற மாதிரி."

எல்லாத் தலைகளும் பின்சுவர் மூலைக்குத் திரும்பின. சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உயரம் குறைவாக ஓர் அட்டி. டயர் எதுவும் இல்லை. குறுக்கே இழுத்துக் கட்டிய கயிறு. அதன் மூலையில் தார்ப்பாய் மூன்றாக மடித்து, பீடா மடித்த கச்சிதத்தில், நுனி உள்ளே சொருகியிருந்தது.

பட்டாசு கிட்டே போய்க் கையால் அந்த மடிப்பை இரண்டு தட்டு தட்டினாள். "நிக்குதா இல்லையா பாருங்க. சொருகற விதத்துல சொருகியிருக்கு."

ஏஜென்டின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ அவசர வேலையாகப் போய்விட்டது. "இது... எவனோ என்னை மாதிரியே..."

"இந்தப் பக்கத்துலயே நீங்க ஒருத்தர்தான்னு சொன்னீங்களே சார்."

தம்பி கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்தான். சிவப்பு எழுத்தில் பூங்காவின் பெயரோடு மோட்டார் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை.

மேஸ்திரிக்கு அதன் பிறகு பேச்சு தானாக வந்தது. "சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டார் சார். பார்ட்டி பெட்டியைத் தனியா எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னார். கிரேனை அவரே ஓட்டினார். சீக்கிரம் முடியணும்னு, நீ போய் லாரியை மூடு, நான் இதை மூடறேன்னார். அப்புறம் இந்தப் பையனைத் திருடன்னு கத்தறாங்க. நான் வாயைத் திறந்தா நாளைக்கு எனக்கு யார்டு இல்லை."

"ரெண்டு பேரும் இடம் மாறிக் கட்டியிருக்கீங்க," என்றார் ஒட்டடை. "லாரிக்காரர் அட்டியை மூடினார், அட்டிக்காரர் லாரியை மூடினார். அவங்கவங்க கை அவங்கவங்க தொழிலைச் செஞ்சுட்டுப் போயிடுச்சு."

"ஏன்யா?" பூங்கா முதலாளி ஏஜென்டின் பக்கம் திரும்பினார். வியர்வையைத் துடைப்பதைக்கூட மறந்துவிட்டார். "என் மோட்டாரை வெச்சு நீ என்ன பண்ணப் போறே? வீட்ல சுத்த விடப்போறியா?"

"அவருக்கு மோட்டார் வேண்டாம்," என்றார் ஒட்டடை. "அஞ்சு மணிக்கு ஒரு லாரியைக் காலியா வரச் சொல்லியிருக்கார். டீசல் நஷ்டத்தோட காலியா வான்னு சொன்னா எந்த லாரிக்காரன் வருவான்? சொந்தக்காரனா இருந்தாத்தான் வருவான்."

"அவரோட மச்சினன் வண்டி," என்றாள் லாரியக்கா. "இந்த லைனை அவனுக்குக் கொடுங்கன்னு முதலாளியை எத்தனை நாளா நச்சரிக்கறார்."

"அதுல பெட்டியை ஏத்தி, வழியில கிடைச்சதுன்னு சாயங்காலம் உங்க முன்னால கொண்டு வந்து இறக்குவாங்க. நீங்க அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்குவீங்க. மீதி ராட்டினமெல்லாம் யார் வண்டியில வரும்?"

முதலாளி யோசித்தார். அப்படியே செய்திருப்பார் என்று அவருக்கே தெரிந்தது. அந்த எரிச்சலும் சேர்ந்து ஏஜென்டின் மேல் விழுந்தது. ஏஜென்ட் கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார், நடை ஓட்டமாயிற்று. கேட்டில் லோடுமேன்கள் நின்றிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வேலையும் இல்லாமல் நின்ற அவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது.

*

கிரேன் வந்து குதிரைகளை ஒவ்வொன்றாக இறக்கியது. மோட்டார் பெட்டியின் பக்கத்திலேயே முதலாளி நின்றுகொண்டார். யாராவது கிட்டே வந்தால் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டார்.

எல்லாம் இறங்கிய பிறகு லாரியக்காவைக் கூப்பிட்டார். "நாளைக்கே துறைமுக ஊர்ல அடுத்த லோடு தயாரா இருக்கும்மா. ராட்சத ராட்டினம். மீதி எல்லாமே உன் வண்டிதான். நடுவுல எந்த ஏஜென்ட்டும் வேண்டாம், நேரா என்கிட்டயே பேசு. சந்தோஷம்தானே?"

லாரியக்கா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "லோடு எடுக்கறேன். ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு இருக்கு."

"சொல்லும்மா."

"மத்தியானம் பின்கதவுகிட்ட நின்னு என் தம்பியைத் திருடன்னு கத்தினீங்க. அந்தச் சத்தத்துக்கு ஆபீஸ்ல இருந்தவன்கூட வெளியே வந்து பார்த்தான். இங்கே இருக்கறவங்க எல்லாம் நாளைக்கு வேற வேற ரோட்டுல இருப்பாங்க. கேட்டதைத்தான் போற இடத்துல சொல்வாங்க. அதே இடத்துல நின்னு, அதே சத்தத்துல, இல்லைன்னு சொல்லுங்க."

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சேம்மா."

"தெரிஞ்சது வேற. நீங்க சொல்லணும்."

முதலாளி ஒட்டடையைப் பார்த்தார். ஒட்டடை வானத்தைப் பார்த்தார். பட்டாசு உதவினாள். "தொண்டையைக் கனைச்சுக்கங்க சார், நல்லா வரும்."

முதலாளி லாரியின் பின்கதவுக்குப் போய் நின்றார். யார்டில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். கிரேன்காரன் எஞ்சினை அணைத்தான்.

"இந்தத் தம்பி திருடன் இல்லை!"

"மத்தியானம் இதைவிடச் சத்தமா இருந்தது," என்றாள் லாரியக்கா.

முதலாளி மூச்சை இழுத்துப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "இந்தத் தம்பி திருடன் இல்லை! நான்தான் தப்பாச் சொன்னேன்! பெட்டியை எடுத்தது ஏஜென்ட்!"

பின்சுவர்வரை போய்த் திரும்பி வந்தது அந்தச் சத்தம். லோடுமேன்கள் கை தட்டினார்கள். மேஸ்திரியும் தட்டினார். தம்பி காது மடல்வரை சிவந்து, நெளிந்து, "பரவாயில்லை சார்" என்றான்.

"பரவாயில்லைன்னு நீ சொல்லாதே," என்றாள் அக்கா. "அதை நான் சொல்லணும்."

அவள் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப்போல நின்றார்.

"பரவாயில்லை," என்றாள். "நாளைக்குக் காலையில துறைமுகத்துல சொல்லி வைங்க, வண்டி வருதுன்னு. டேய், ஏறுடா. இந்தத் தடவை நான் ஓட்டறேன்."